அண்டிரிக் அடிகளார்

அண்டிரிக் அடிகளார் அல்லது என்றீக்கே என்றீக்கஸ் (1520 - பெப்ரவரி 1600) போர்த்துக்கல் நாட்டைச் சேர்ந்த இயேசு சபைக் குருவும் தமிழறிஞரும் ஆவார். இந்தியாவில் தமிழ் எழுத்துக்களில் அச்சிடப்பட்ட முதல் நூலான தம்பிரான் வணக்கம் (1578) இவரது முயற்சியால் வெளிவந்தது. தமிழ் அச்சுத் தொழிலின் தந்தை என்று இவரைக் குறிப்பிடுவது வழக்கம். தமிழுக்கு இலக்கணம் எழுதிய முதல் ஐரோப்பியராகவும் இவர் அறியப்படுகிறார்.

1547 முதல் இறக்கும்வரை, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக, இவர் முத்துக்குளித்துறை மக்களிடையே பணியாற்றினார். புன்னைக்காயலே இவரது பணியின் மையமாக இருந்தது. இவர் அச்சிட்ட நூல்கள் புலவர்களை நோக்கி எழுதப்பட்டவை அல்ல. கடலுக்குச் செல்லும் குடும்பங்கள் வாசிக்கவும், வாசிக்கத் தெரியாதவர்கள் கேட்கவும், சிறுவர்கள் பாடமாகக் கற்கவும் ஏற்றவையாக அவை உருவாக்கப்பட்டன. கத்தோலிக்கக் குடும்பங்கள் எதை வாசிக்க வேண்டும், பிள்ளைகளுக்கு எதைக் கற்பிக்க வேண்டும் என்னும் கேள்விக்குத் தமிழில் அச்சு வழியாக முதன்முதலில் விடை தேடியவர் இவரே எனலாம்.

பின்னணி

தமிழகத்தின் தென்கிழக்குக் கரையில் கன்னியாகுமரியிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் கடற்கரைப் பகுதி முத்துக்குளித்துறை என அழைக்கப்படுகிறது. மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி, வைப்பாறு, வேம்பாறு முதலியன இப்பகுதியின் முக்கிய ஊர்கள். மீன்பிடித்தலும் முத்து, சங்கு குளித்தலும் இங்கு வாழும் பரதவரின் மரபுவழித் தொழில்கள் ஆகும்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளிக்கும் உரிமை தொடர்பாகப் பரதவருக்கும் முசுலிம் வணிகர்களுக்கும் இடையே கடும் பூசல் ஏற்பட்டது. பரதவர் போர்த்துக்கீசரின் பாதுகாப்பை நாடினர். இதன் தொடர்ச்சியாக 1535 முதல் 1537 வரையான காலத்தில் ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றனர். ஆனால் அவர்களுக்குப் புதிய சமயத்தைப் பற்றி விளக்கிச் சொல்ல, தமிழ் அறிந்த குருக்கள் அப்போது இல்லை.

1542இல் புனித பிரான்சிசு சவேரியார் இங்கு வந்தார். முதன்மையான செபங்களை உள்ளூர் மக்களின் துணையுடன் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியுடன் தெருக்களில் சென்று சிறுவர்களை அழைத்துச் செபங்களைக் கற்பித்ததும், கற்றவற்றை வீட்டில் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுக்குமாறு அச்சிறுவர்களை அனுப்பியதும் அவரது முறையாகும். ஊர்தோறும் கணக்கப்பிள்ளை எனப்பட்ட உபதேசியார்களையும் அவர் அமர்த்தினார். போர்த்துக்கீச அரசியின் காலணிச் செலவுக்கென்று இக்கரையிலிருந்து ஒதுக்கப்பட்டிருந்த 4,000 பணம் இவர்களின் ஊதியத்திற்குப் பயன்பட்டது.

இம்முறையின் குறையைச் சவேரியாரே உணர்ந்திருந்தார். நம்புகிறேன் என்று பொருள்பட வேண்டிய இடத்தில், விரும்புகிறேன் எனப் பொருள்தரும் வேணும் என்னும் சொல் செபத்தில் இடம்பெற்றிருந்ததை அறிந்து, 1544இல் அதைத் திருத்துமாறு உடன் பணியாளருக்கு எழுதினார். மொழிபெயர்ப்பாளரை மட்டும் நம்பிச் சமயக் கல்வி அளிப்பது எவ்வளவு கடினமானது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

இளமை

என்றீக்கஸ் 1520இல் போர்த்துக்கல்லின் விலா விசோசா என்னும் ஊரில் பிறந்தார். இவரது குடும்பம் யூத மரபிலிருந்து கிறித்தவத்திற்கு மாறிய குடும்பமாகும். அக்காலப் போர்த்துக்கல்லில் இத்தகையோர் புதிய கிறித்தவர் என அழைக்கப்பட்டு ஐயத்துடன் நோக்கப்பட்டனர். இவர் முதலில் பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்தார். ஆனால் இவரது யூத மரபு காரணமாக அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று.

அதன்பின் கோயிம்பிரா நகரில் கல்வி பயின்ற இவர், 1545இல் அங்கேயே இயேசு சபையில் சேர்ந்தார். இனாசியார் தலைமையிலிருந்த அந்தச் சபை அப்போது தொடங்கப்பட்டு ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. யூத மரபினரைச் சேர்க்கலாகாது என்னும் விதி அப்போது அதில் இருக்கவில்லை. 1593இல்தான் அவ்விதி இயற்றப்பட்டது. அதற்கு முன்னரே சேர்ந்துவிட்டமையால் என்றீக்கஸ் வாழ்நாள் முழுவதும் இயேசு சபையில் பணியாற்ற முடிந்தது. 1546இல் இவர் கோவாவை வந்தடைந்தார். அடுத்த ஆண்டு முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார்.

தமிழ் கற்றல்

தொடக்கத்தில் என்றீக்கசும் மொழிபெயர்ப்பாளர் மூலமே மக்களுடன் பேசினார். தாம் சொல்வது மாறுபட்ட பொருளில் மக்களைச் சென்றடைவதைக் கண்டு, தமிழை முறையாகக் கற்க முடிவு செய்தார். பெயர்ச்சொற்களின் வேற்றுமை வடிவங்களையும் வினைச்சொற்களின் கால வடிவங்களையும் இலத்தீன் இலக்கண முறையில் வகைப்படுத்திக் குறித்துக்கொண்டார். 1548இன் இறுதியில், மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பேசும் நிலையை அடைந்திருந்ததை உரோமைக்கு அனுப்பிய மடல்களில் தெரிவித்தார்.

இக்குறிப்புகள் பின்னர் ஓர் இலக்கண நூலாக வளர்ந்தன. மலபார் மொழியின் இலக்கணம் எனப் பொருள்படும் போர்த்துக்கீசத் தலைப்புடைய இந்நூலின் கையெழுத்துப் படி லிசுபன் தேசிய நூலகத்தில் உள்ளது. அக்காலப் போர்த்துக்கீசர் தமிழையும் மலபார் மொழி என்றே அழைத்தனர். புதிதாக வரும் குருக்கள் மக்களின் மொழியை விரைவில் கற்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். தொல்காப்பியம், நன்னூல் போன்ற இலக்கணங்களின் வழியைப் பின்பற்றாமல், கடற்கரை மக்கள் அன்றாடம் பேசிய தமிழை இது பதிவு செய்கிறது. இக்காரணத்தால் 16ஆம் நூற்றாண்டுப் பேச்சுத் தமிழை ஆராய்வோருக்கு இது அரிய சான்றாக விளங்குகிறது. இவர் ஓர் அகராதியையும் தொகுத்தார். அது இன்று கிடைக்கவில்லை.

முத்துக்குளித்துறைப் பணி

1549இல் முத்துக்குளித்துறைப் பணியின் தலைவராக இருந்த அந்தோனியோ கிரிமினாலி, வேதாளையில் நடந்த தாக்குதலில் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் உடன் பணியாளர்கள் என்றீக்கசைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். 1576 வரை இப்பொறுப்பு இவரிடம் இருந்தது. 1550களில் புன்னைக்காயலில் மக்களின் கொடைகளைக் கொண்டு ஒரு மருத்துவமனை அமைக்கப்பட்டது. குருக்கள் தமிழ் கற்பதற்கான ஏற்பாடுகளும் அங்கு செய்யப்பட்டன.

இக்காலம் அமைதியானதாக இருக்கவில்லை. 1553இல் புன்னைக்காயல் தாக்கப்பட்டபோது என்றீக்கசும் சிறைபிடிக்கப்பட்டார். 1560இல் மீண்டும் தாக்குதல் நடந்தது. அதே ஆண்டில் போர்த்துக்கீசர் மன்னாரைக் கைப்பற்றியிருந்தனர். பரதவரில் ஒரு பகுதியினர் மன்னாருக்குக் குடிபெயர்ந்தனர். என்றீக்கசும் அவர்களுடன் சென்று சில ஆண்டுகள் அங்கிருந்து, பின்னர் திரும்பினார்.

குருக்களின் எண்ணிக்கை மிகக் குறைவாகவும் ஊர்கள் பலவாகவும் இருந்தன. ஒரே குரு பல ஊர்களைச் சுற்றிவர வேண்டியிருந்தது. எஞ்சிய நாட்களில் கணக்கப்பிள்ளைகளே சிறுவரையும் சிறுமியரையும் தனித்தனியே கூட்டிச் செபங்களைக் கற்பித்தனர். செபங்கள் வாய்மொழியாகவோ ஓலைகளில் எழுதப்பட்டோ பரவின. ஒவ்வொரு முறை படியெடுக்கும்போதும் பிழைகள் கூடின. மனப்பாடம் செய்த சொற்களின் பொருளைப் பிள்ளைகள் அறிந்திருக்கின்றனரா என்பதும் ஐயமாகவே இருந்தது. போர், இடப்பெயர்வு ஆகியவற்றுக்கிடையே ஓர் ஊர் பல மாதங்கள் குரு இல்லாமல் இருக்க நேர்ந்தால், அங்குள்ள குடும்பங்களிடம் எஞ்சியிருப்பது என்ன என்பதே என்றீக்கஸ் எதிர்கொண்ட சிக்கல். எல்லா ஊர்களிலும் ஒரே பாடம், பிழையின்றி, மக்களின் மொழியில் இருக்க வேண்டும் என்பது இதற்கான தீர்வாக அமைந்தது. அதற்கு அச்சு தேவைப்பட்டது.

அச்சுப் பணி

1556இல் கோவாவுக்கு அச்சுப்பொறி வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே, 1554இல், லிசுபன் நகரில் தமிழ்ச் சமய நூல் ஒன்று அச்சிடப்பட்டிருந்தது. கார்த்தில்யா என அறியப்படும் அந்நூலில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்துக்களிலேயே அமைந்திருந்தன. அதனால் தமிழ் எழுத்தை மட்டும் அறிந்த உள்ளூர் மக்களுக்கு அது நேரடியாகப் பயன்படவில்லை.

தமிழ் எழுத்துக்களுக்கான அச்சுக்களை 1577இல் கோவாவில் இயேசு சபைச் சகோதரர் யோவான் கொன்சால்வசு உருவாக்கினார். 1578இல் கொல்லத்தில் யோவான் தெ ஃபாரியா என்னும் குரு மற்றொரு தொகுதி எழுத்துக்களை உருவாக்கினார். அச்சுப் பணிக்கான செலவில் பரதவ மக்களும் பங்கேற்றுப் பணம் திரட்டிக் கொடுத்தனர். முத்துக்குளித்த வருவாயிலிருந்து தங்கள் பிள்ளைகளுக்கான பாடநூலுக்குப் பணம் அளித்தவர்கள் என்ற வகையில், தமிழ் அச்சு வரலாற்றில் அவர்களின் பங்கும் குறிப்பிடத்தக்கது.

நூல்கள்

தம்பிரான் வணக்கம் (1578)

இந்நூல் 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சிடப்பட்டது. 16 பக்கங்கள் கொண்டது. சவேரியார் பயன்படுத்திய சிறிய செபநூலைத் தழுவியது. மனுவேல் தெ சான் பேதுரு என்னும் குரு இதன் மொழிபெயர்ப்பில் என்றீக்கசுக்குத் துணைபுரிந்தார். அடிப்படைச் செபங்களும் நம்பிக்கை அறிக்கையும் கட்டளைகளும் இதில் உள்ளன. அக்கால ஓலைச்சுவடிகளில் இருந்தது போன்றே மெய்யெழுத்துக்கள் புள்ளி இல்லாமல் அமைந்துள்ளன. நூலின் இறுதியில் கோவா எழுத்துக்களும் கொல்லம் எழுத்துக்களும் மாதிரியாகக் காட்டப்பட்டுள்ளன.

கிரீசித்தியானி வணக்கம் (1579)

இந்நூல் 1579 நவம்பர் 14 அன்று கொச்சியில் அச்சிடப்பட்டது. மார்க்கோசு ஜோர்ஜே என்னும் போர்த்துக்கீச இயேசு சபைக் குருவின் நூலைத் தழுவியது. மூலநூல் சிறுவர்களுக்குக் கற்பிப்பதற்காகவே வினா விடை வடிவில் எழுதப்பட்டதாகும். ஆசிரியரும் மாணவரும் உரையாடுவது போன்ற இவ்வமைப்புத் தமிழ் நூலிலும் பின்பற்றப்பட்டது. வெறும் மனப்பாடத்திலிருந்து பொருளறிந்து கற்கும் நிலைக்குச் செல்ல இவ்வடிவம் உதவியது. தம்பிரான் வணக்கத்தைவிட இது பல மடங்கு பெரியது.

கொம்பெசியோனாயரு (1580)

பாவ சங்கீர்த்தனத்திற்கு, அதாவது பாவ அறிக்கைக்கு, மக்களை ஆயத்தப்படுத்தும் நூல் இது. 214 பக்கங்கள் கொண்டது. ஒருவர் தம் அன்றாட நடத்தையைத் தாமே ஆராய்ந்து பார்ப்பதற்கான கேள்விகள் இதில் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. அக்காலச் சமூகப் பழக்கங்களை அறிவதற்கும் இந்நூல் பயன்படுகிறது.

அடியார் வரலாறு (1586)

புளோசு சாங்தோரும் என்னும் இலத்தீன் பெயர் கொண்ட இந்நூல், புனிதர்களின் பூக்கள் என்று பொருள்படும். ஏறத்தாழ 670 பக்கங்களைக் கொண்ட இது என்றீக்கசின் மிகப் பெரிய நூலாகும். திருவழிபாட்டு ஆண்டின் விழா நாட்களையொட்டிப் புனிதர்களின் வரலாறுகள் இதில் அமைந்துள்ளன. இது அச்சிடப்பட்ட இடம் புன்னைக்காயல் என்று சிலரும் கொச்சி என்று வேறு சிலரும் கருதுகின்றனர்.

அடியார் வரலாறும் கதைகளின் தேர்வும்

முதல் மூன்று நூல்களும் பாடநூல்கள். நான்காவது நூல் கதை நூல். செபங்களைக் கற்ற குடும்பம் அடுத்து எதை வாசிக்கும் என்ற கேள்விக்கு இந்நூல் விடையாக அமைந்தது. கதை கேட்பதிலும் கூத்துப் பார்ப்பதிலும் நெடிய மரபு கொண்ட தமிழ் மக்களிடம், புதிய சமயத்தை விதிகளாக மட்டும் கொண்டு செல்வது போதுமானதாக இருக்கவில்லை. தொழில், திருமணம், நோய், வறுமை ஆகியவற்றிற்கிடையே பிறர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைக் காட்டும் வரலாறுகள் தேவைப்பட்டன.

ஐரோப்பாவில் புனிதர் வரலாறுகள் நெடுங்காலமாக மக்கள் விரும்பிப் படித்தவை ஆகும். 13ஆம் நூற்றாண்டில் யாக்கோபு தெ வொராசினே தொகுத்த பொன் வரலாறு என்னும் நூல் இவற்றில் புகழ்பெற்றது. ஆனால் அதில் நம்புதற்கரிய செய்திகளும் கலந்திருந்தன. 1545 முதல் 1563 வரை நடந்த திரெந்து பொதுச்சங்கத்திற்குப் பின், மக்கள் படிக்கும் நூல்களைச் சீராக்க வேண்டும் என்ற எண்ணம் கத்தோலிக்கத் திருச்சபையில் வலுப்பெற்றது. 1564இல் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியல் வெளியிடப்பட்டது. மறுபுறம், தியோகோ தோ ரொசாரியோ 1567இல் போர்த்துக்கீச மொழியிலும், அலோன்சோ தெ வில்லேகாசு 1578இல் எசுப்பானிய மொழியிலும் திருத்தப்பட்ட புனிதர் வரலாறுகளை வெளியிட்டனர். தகாததை விலக்குவது ஒரு வழியாகவும் தக்கதை எழுதித் தருவது மற்றொரு வழியாகவும் இருந்தது.

முத்துக்குளித்துறையில் என்றீக்கஸ் மேற்கொண்டது இரண்டாவது வழியாகும். ஐரோப்பிய மூலங்களில் இருந்தவற்றை அவர் அப்படியே பெயர்க்கவில்லை. தமிழ் வாசகருக்கு ஏற்றவாறு தேர்ந்தெடுத்து, சுருக்கியும் விளக்கியும் எழுதினார். நாட்காட்டி முறையில் அமைந்திருந்ததால், அந்தந்த விழா நாளுக்குரிய பகுதியை எடுத்து வாசிப்பது எளிதாயிற்று. குரு வராத ஞாயிற்றுக்கிழமைகளிலும் எழுத்தறிந்த ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்பதற்கு ஏற்ற நூலாகவும் இது அமைந்தது. தமிழில் அச்சான முதல் உரைநடைக் கதைத் தொகுப்பு என்ற சிறப்பும் இதற்கு உண்டு.

மொழிநடை

என்றீக்கசின் நடை பேச்சுவழக்கை ஒட்டிய எளிய உரைநடை ஆகும். தமிழில் செய்யுளே பெருமளவில் எழுதப்பட்ட காலத்தில் உரைநடையில் பெரிய நூல்களை எழுதியது புதுமையாகும். கடவுளைக் குறிக்கத் தம்பிரான் என்னும் வழக்குச் சொல்லை எடுத்துக்கொண்டார். பொருத்தமான தமிழ்ச் சொல் இல்லை என்று கருதிய இடங்களில் குருசு, இசுபிரீத்து சாந்து போன்ற போர்த்துக்கீச, இலத்தீன் சொற்களைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றிப் பயன்படுத்தினார்.

இந்நடை பிற்காலத்தில் குறைகூறப்பட்டதும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் மதுரையில் பணியாற்றிய இராபர்ட் தெ நொபிலி, பிற மொழிச் சொற்களைத் தவிர்த்து வடமொழி கலந்த தமிழில் புதிய சமயச் சொற்களை உருவாக்கினார். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் தமிழ்க் காப்பிய மரபில் தேம்பாவணியை இயற்றினார். இவ்விருவருடன் ஒப்பிட்டால் என்றீக்கஸ் தமிழ் இலக்கிய மரபிலிருந்து எடுத்துக்கொண்டது குறைவே. எனினும் அவர்களது வாசகர் வேறு, இவரது வாசகர் வேறு. கடற்கரையில் பேசப்படாத நடையில் எழுதியிருந்தால், இவர் நோக்கிய குடும்பங்களுக்கு அது எட்டியிருக்காது.

இறப்பு

என்றீக்கஸ் 1600 பெப்ரவரியில் புன்னைக்காயலில் காலமானார். அவரது உடல் தூத்துக்குடிக்குக் கொண்டு செல்லப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. இந்தியாவுக்கு வந்த பின் அவர் மீண்டும் ஐரோப்பாவுக்குத் திரும்பவில்லை.

நூல்களின் பிற்கால வரலாறு

என்றீக்கசுக்குப் பின் தமிழ் அச்சுப் பணி தொடர்ச்சியாக நடைபெறவில்லை. 1679இல் அந்தாவ் தெ புரோயென்சாவின் தமிழ் - போர்த்துக்கீச அகராதி கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சிடப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் நிறுவிய பின்னரே தமிழ் அச்சு நிலைபெற்றது.

என்றீக்கசின் நூற்படிகள் தமிழகத்தில் நிலைக்கவில்லை. தம்பிரான் வணக்கத்தின் படி அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்திலும், கொம்பெசியோனாயரு இங்கிலாந்தின் ஆக்சுபோர்டிலும், அடியார் வரலாறு வத்திக்கானிலும் கோபன்ஹேகனிலும் பாதுகாக்கப்பட்டுள்ளன. 1950களில் தனிநாயகம் அடிகளார் இத்தொடக்ககால நூல்கள் குறித்து எழுதிய கட்டுரைகள் தமிழறிஞர்களின் கவனத்தை ஈர்த்தன. சே. இராசமாணிக்கம் அடிகளார் கிரீசித்தியானி வணக்கத்தை 1963இலும் அடியார் வரலாற்றை 1967இலும் தூத்துக்குடியிலிருந்து மறுபதிப்பாக வெளியிட்டார். இவ்வாறு, எந்தக் கரைக்காக எழுதப்பட்டனவோ அந்தக் கரைக்கே அவை ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் திரும்பி வந்தன. இவரது இலக்கண நூல் 1982இல் ஆன்சு வெர்மியரால் வெளியிடப்பட்டது. ஜீன் ஐன், வி. எசு. இராசம் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் ஆர்வர்டு பல்கலைக்கழக வரிசையில் வெளிவந்தது.

தாக்கம்

புனிதர்களின் வரலாறும் நீதிக்கதைகளும் குடும்பத்திற்கு ஏற்றவை என்னும் கருத்து, வாசிப்பிலிருந்து காட்சிக் கலைகளுக்கும் பரவியது. பிற்காலத்தில் மன்னார் முதலிய பகுதிகளின் தமிழ்க் கத்தோலிக்கரிடையே வாசாப்பு, நாடகம் எனப்படும் கூத்து வடிவங்கள் வளர்ந்தன. மூவிராசாக்கள் நாடகம், என்றிக் எம்பரதோர் நாடகம், ஞானசௌந்தரி நாடகம் ஆகியவற்றைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்துள்ளார். ஞானசௌந்தரியின் கதை 1948இல் திரைப்படமாகவும் வெளிவந்து, சமய வேறுபாடின்றி மக்களால் பார்க்கப்பட்டது. இக்கூத்துகள் என்றீக்கசின் நூலிலிருந்து நேரடியாகப் பிறந்தவை அல்ல. ஆயினும் கேட்போர் அறிந்த மொழியிலும் வடிவிலும் நற்கதைகளைச் சொல்வது என்னும் அதே வழியை இவையும் பின்பற்றின.

திரைப்படம் பரவிய காலத்தில் எதை விலக்குவது, எதைக் காட்டுவது என்ற கேள்வி மீண்டும் எழுந்தது. திருத்தந்தை பதினோராம் பயசு 1936இல் திரைப்படங்கள் குறித்து ஒரு சுற்றுமடல் வெளியிட்டு, மக்கள் பார்க்கத்தக்க படங்களை வகைப்படுத்துமாறு ஒவ்வொரு நாட்டு ஆயர்களையும் கேட்டுக்கொண்டார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணையை வெளியிட்டது. பிள்ளைகள் காண்பவற்றையும் வாசிப்பவற்றையும் கவனிக்கும் பொறுப்பு பெற்றோருக்கு உண்டு என்பதுடன், நல்ல படைப்புகளை உருவாக்குவோரை ஊக்குவிக்க வேண்டும் என்பதையும் அது வலியுறுத்தியது. இவற்றில் இரண்டாவது பணியை முத்துக்குளித்துறையின் குடும்பங்களுக்காக 16ஆம் நூற்றாண்டிலேயே தமிழ் எழுத்தில் செய்து காட்டியவர் அண்டிரிக் அடிகளார் ஆவார்.